சத்தத்தை நிறுத்தியவன்

எவரெட் மோஸ்லி கெட்டவன் இல்லை. பிராங்ஸில் மூன்றாம் அவென்யூ பக்கம் யாரைக் கேட்டாலும் அதையே சொல்வார்கள். டிவி ரிப்பேர் கடையில் வேலை. பக்கத்து வீட்டுக்காரியின் இஸ்திரிப்பெட்டியைக்கூடச் சும்மாவே சரிசெய்து கொடுப்பான். சிகரெட் இல்லை, சண்டை இல்லை, ஞாயிறானால் அக்காவோடு சர்ச். ஆனால் அடுத்தவனுக்குக் கைதட்டல் விழுந்துவிட்டால் மட்டும் அவனால் தாங்க முடியாது. சின்ன வயதிலேயே அப்படித்தான். அக்கா டோரீன் சர்ச்சில் தனியாகப் பாடி, சபையே எழுந்து நின்று தட்டிய அன்று, இவன் பெஞ்சுக்கு அடியில் புகுந்து வயிறு வலிக்கிறது என்று அழுதான். பயந்துபோய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வயிற்றில் ஒன்றுமே இல்லை. டோரீனுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

அப்பா இறைச்சி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியே போய்ச் சேர்ந்தார். அம்மா சவுத் கரோலைனாவில் தன் சொந்தக்காரர்களிடம் திரும்பிப் போய்விட்டாள். அக்காவும் தம்பியும் ஐந்தாவது மாடியில் தங்கிவிட்டார்கள். டோரீன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்குப் போனாள். இடதுபக்கக் கட்டடம் எரிந்துபோய்க் கிடந்தது. வலதுபக்கக் கட்டடத்தை அதன் சொந்தக்காரனே இன்சூரன்ஸ் பணத்துக்காக என்றைக்குக் கொளுத்துவானோ என்று அக்கம்பக்கத்தார் காத்திருந்தார்கள்.

எழுபத்தேழாம் வருஷக் கோடையில் எவரெட் ராஜாவாக இருந்தான். கடையில் தூக்கிப்போட்ட ஸ்பீக்கர்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஆள் உயரத்துக்கு இரண்டு பெட்டி கட்டியிருந்தான். பூங்காவில் விளக்குக் கம்பத்தின் அடிமூடியைத் திறந்து மின்சாரம் இழுப்பான். மேஜைமேல் இரண்டு ரெக்கார்டு பிளேயர், இரண்டிலும் ஒரே பாட்டின் இசைத்தட்டு. பாடகர் வாயை மூடி, கிடார் அடங்கி, டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும் ஒரு துண்டு எந்தப் பாட்டிலும் எங்காவது வரும். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். பிள்ளைகள் அந்தத் துண்டுக்காகத்தான் காத்திருந்து ஆடினார்கள். எவரெட் என்ன செய்தான் என்றால், ஒரு தட்டில் அந்தத் துண்டு முடியும்போதே அடுத்த தட்டில் அதையே தொடங்கிவிடுவான். அது ஓடும்போது முதல் தட்டைக் கையால் பின்னுக்கு இழுத்து வைப்பான். இப்படியே மாறி மாறி இழுத்தால் அந்தத் துண்டுக்கு முடிவே கிடையாது. அந்த வட்டாரத்தில் இதைச் செய்தவர்கள் வேறு சிலரும் உண்டு. தன் கைதான் எல்லாவற்றிலும் சுத்தம் என்பது எவரெட்டின் எண்ணம். அது பொய்யும் இல்லை.

தட்டு எது என்பதுதான் ரகசியம். இப்படித் தட்டு ஓட்டுகிற வேறு டிஜே எவனாவது மேஜையோரம் வந்து எட்டிப் பார்த்துப் பெயரைப் படித்துவிட்டால் மறுநாளே அதே தட்டை வாங்கிவிடுவான். அதனால் வாங்கிய கையோடு அதைக் குளியல் தொட்டியில் ஊறப்போட்டு, நடுவில் ஒட்டியிருக்கும் பெயர்க் காகிதத்தை உரித்துவிடுவார்கள். எல்லா டிஜேக்களும் அதைத்தான் செய்தார்கள்.

“ஆஸ்பத்திரியில நாள் பூரா நின்னுட்டு வந்து குளிக்கலாம்னா, தொட்டி முழுக்க ஒன் தட்டு மிதக்குது! நான் எங்கடா குளிக்கிறது, சிங்க்லயா?” என்று டோரீன் கத்துவாள்.

“இன்னும் கொஞ்ச நேரம்க்கா. கோந்து விடமாட்டேங்குது.”

“ஒனக்குக் கல்யாணம் ஆனா பொண்டாட்டியையும் ஊறப்போட்டுப் பேர உரிச்சிடுவ போல.”

ரோடெல் கெய்ன்ஸ் இந்தக் கதைக்குள் ஸ்பீக்கர் தூக்குகிறவனாகத்தான் வந்தான். சூப்பர்மார்க்கெட்டில் பை கட்டித் தருகிற வேலை, நீளமான கழுத்து, எந்நேரமும் சிரிப்பு. அவன் கையில் மைக்கைக் கொடுத்ததே எவரெட்தான். எவரெட்டுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ‘வழியை மறித்து நிற்கிற பச்சைக் காரை எடுங்கள்’ என்றுகூட அவனால் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கும், நடுநடுவே எவரெட்டைப் புகழ்வதற்கும் ரோடெல். ‘கை பாருங்க கை! மோஸ்லி கை! தட்டத் தொட்டா தரையே ஆடும்!’ என்று அவன் கத்துவான். சில மாதம் எவரெட்டுக்குச் சொர்க்கமாக இருந்தது. தன் புகழை இன்னொருவன் வாயால், அதுவும் தாளத்தோடு, தன் ஸ்பீக்கரிலேயே கேட்பது சாமானியப்பட்ட சுகமா?

பிறகு ரோடெலின் வரிகள் வளர்ந்தன. எவரெட்டின் கையைப் புகழ்ந்து தொடங்கி, தன் அம்மாவின் வாடகைத் தகராறுக்குப் போனான். சலவைக்கடைப் பெண் திரும்பிப் பார்க்காததைச் சொன்னான். ஓட்டைக் காரில் வரும் வீட்டுச் சொந்தக்காரனைக் கிழித்தான். எல்லாம் எதுகையோடு, டிரம்ஸ் அடிமேல் அடி பிசகாமல். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது, பிறகு கூடவே சொன்னது. நெட்டி, கிளிஃப் என்று இன்னும் இரண்டு குரல் சேர்ந்தன. கூட்டத்துக்குக் கிரவுன் வோல்டேஜ் என்று நெட்டி பெயர் வைத்தாள். எழுபத்தெட்டு முடிவதற்குள் பிராங்ஸைத் தாண்டி ஹார்லெமில் எல்லாம் யார் யாரோ அவர்கள் பேச்சை டேப்பில் பதிந்து விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

எல்லாருக்கும் பெருமையாக இருந்தது. எவரெட்டின் கண்ணில் மட்டும் வேறொன்று உறுத்தியது. முன்பெல்லாம் ஜனம் அவன் மேஜைக்கு நேராக நின்று அவன் விரல்களையே பார்க்கும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் நகர்ந்து, ரோடெல் நிற்கிற பக்கமாகத் திரும்பிவிட்டது. எவரெட்டுக்குத் தெரிந்ததெல்லாம் காதுகள். வரிசை வரிசையாகக் காதுகள். அவன் தட்டை எவ்வளவு நயமாக இழுத்தாலும் ஒரு முகமும் திரும்பவில்லை.

“மைக்க இந்தப் பக்கம் வச்சுக்கயேன், மேஜைக்குப் பின்னால,” என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தான்.

“சரி மச்சான்,” என்று ரோடெல் வந்து பின்னால் நின்றான். அன்று முழுக்க ஜனம் எவரெட்டின் தோளுக்கு மேலாக எக்கி எக்கி ரோடெலைப் பார்த்தது. ‘கொஞ்சம் குனிஞ்சுக்கண்ணே, மறைக்குது’ என்றுகூட ஒருத்தி சொல்லிவிட்டாள். அடுத்த முறை ரோடெலைப் பழைய இடத்துக்கே அனுப்பிவிட்டான்.

வீட்டிலாவது நிம்மதி உண்டா? டோரீன் பன்றிக்கறியை வதக்கிக்கொண்டே ரோடெலின் சலவைக்கடை வரிகளை முணுமுணுப்பாள். தம்பியின் தட்டு ஓடுகிற தாளத்தைத் தொடையில் தட்டிக்கொண்டு, வாயில் ரோடெலின் வார்த்தை.

“வேற பாட்டே கெடைக்கலையாக்கா ஒனக்கு?”

“ஏன், நல்லாத்தான இருக்கு? அந்தப் பையனுக்கு நாக்குல தேன் தடவி அனுப்பியிருக்கான்டா ஆண்டவன்.”

“அந்தத் தேன நக்குறதுக்குத் தட்டு யாரு வைக்கிறா?”

டோரீன் கரண்டியை நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். “வயிறு வலிக்குதா?” என்று கேட்டாள். எவரெட் சாப்பிட வைத்திருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

எழுபத்தொன்பது தொடக்கத்தில் ஹாலிஸின் கூட்டத்தோடு மோதல் வந்தது. ஹாலிஸ் ஜெரோம் அவென்யூவில் கார் கழுவும் இடத்தில் வேலை பார்க்கிற பெரிய உருவம். அவனும் பழைய டிஜே. பள்ளிக்கூட ஜிம்மில், சனிக்கிழமை பிற்பகல், இரண்டு கூட்டமும் நேருக்கு நேர். ஜனம் யாருக்கு அதிகம் கத்துகிறதோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள், அதுதான் விதி. இந்த மோதலுக்கென்று எவரெட் ஒரு தட்டை ஒளித்து வைத்திருந்தான். ஊர் பேர் தெரியாத ஒரு படத்தின் இசை. அதன் இரண்டாம் பக்கத்தில் இடி மாதிரி ஒரு டிரம்ஸ் துண்டு. அந்தத் துண்டின்மேல் சொல்வதற்காகவே ரோடெலும் நெட்டியும் கிளிஃபும் மூவரும் மாறி மாறிப் பேசும் ஒரு பெரிய பகுதியைக் கட்டிப் பழகியிருந்தார்கள்.

அப்போதுதான், முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்த கடையின் சுவரில், மோதலுக்கான நோட்டீஸைப் பார்த்தான் எவரெட். நெட்டி கையால் வரைந்து நகல் எடுத்தது. மேலே கிரீடம் போட்டு, கொட்டை எழுத்தில் ரோடெல். அதற்குக் கீழே கிரவுன் வோல்டேஜ். அதற்கும் கீழே, நெட்டிக்கும் கிளிஃபுக்கும் பக்கத்தில், எவரெட் மோஸ்லி. இதுவரை ஒவ்வொரு நோட்டீஸிலும் முதல் பெயர் அவனுடையது. டிஜேயின் பெயர்தான் முதலில் வரும், எந்தக் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். பாதி முடி வெட்டிய தலையோடேயே எழுந்து நெட்டி வேலை பார்க்கும் துணிக்கடைக்குப் போனான்.

“என் பேரு ஏன் கீழ கெடக்கு?”

“கீழ இல்லண்ணே, நடுவுல.”

“எனக்குப் படிக்கத் தெரியாதா?”

“கோவப்படாத. நோட்டீஸ் குடுக்கும்போது ஒருத்தர் விடாம ‘ரோடெல் வர்றானா’ன்னுதான் கேக்குறாங்க. ‘தட்டு யாரு போடுறா’ன்னு ஒருத்தராச்சும் கேக்கணுமே! நான் என்ன பண்ணட்டும்?”

“அவன் சொன்னானா மாத்தச் சொல்லி?”

“அவன் இன்னும் பாக்கவே இல்ல.” நெட்டி அவனை மேலும் கீழும் பார்த்தாள். “மொதல்ல மீதித் தலைய வெட்டிட்டு வாண்ணே. கடைக்கு வர்றவங்க பயப்படுறாங்க.”

ரோடெல் சொல்லி மாற்றியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அவன் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் எவரெட்டை அதிகம் எரித்தது. கேட்காமலே எல்லாம் அவனுக்கு வந்து சேர்கிறதே! வீடு வரைக்கும் எவரெட் பல்லைக் கடித்துக்கொண்டே நடந்தான். தட்டு இல்லாமல் அவன் வாய் என்ன ஆகும்? ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜனம் பார்க்க அவன் திணற வேண்டும். திணறும்போது தன் கைதான் அவனைத் தூக்கிவிட வேண்டும். அப்போது தெரியும் யார் பெயர் மேலே என்று.

மறுநாள் மத்தியானம் எவரெட் ஜெரோம் அவென்யூவுக்குப் போனான். ஹாலிஸ் ஒரு நீலக் காருக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தான். எவரெட் அந்தத் தட்டின் பெயரையும், அது கிடைக்கிற கடையையும், எந்தப் பக்கம் என்பதையும் சொன்னான்.

ஹாலிஸ் குழாயை மூடிவிட்டுத் திரும்பினான். “தம்பி, வீட்டுச் சாவியக் கேட்டாக்கூட ஒரு டிஜே குடுத்துடுவான். தட்டோட பேரச் சொல்ல மாட்டான். ஏன் சொல்ற?”

“மொதல்ல நீங்கதான ஆடுறீங்க? போட்டுக்கங்க.”

“பழைய தட்டக் காட்டி என்னை ஏமாத்துறியா?”

“கேட்டுப் பாருங்க, தெரியும்.”

“அப்ப ஒன் ஆளுங்க?”

“அது என் கவலை.”

“இல்ல,” என்றான் ஹாலிஸ், மெதுவாக. “ஒனக்குக் கவலையே அவனுங்கதான்.” அவன் சிரித்துக்கொண்டே மறுபடி குழாயைத் திறந்துவிட்டான்.

எவரெட் போட்ட கணக்கு இதுதான். ஒருவன் போட்ட தட்டை அடுத்தவன் அன்றைக்கே போடக் கூடாது. போட்டால் திருடன் என்று கூவி விரட்டுவார்கள். ஹாலிஸ் அதை முதலில் போட்டுவிட்டால் ரோடெல் பழகிய பகுதி செத்தது. நடுவில் போய் நிற்பான், பேச்சுக்கு அடியில் தாளம் இருக்காது. இவன் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். ரோடெல் வியர்த்து வழியட்டும். பிறகு வேறு இரண்டு தட்டை எடுத்து, பிராங்ஸ் அதுவரை பார்க்காத மாதிரி இழுத்து விளாசி, மானத்தைக் காப்பாற்றுவான். தாளத்தோடே வளர்ந்தவனுக்கு, தாளம் இல்லாமல் ஒரு குரல் நிற்கும் என்று கனவிலும் தோன்றாது. எந்த டிஜேயைக் கேட்டிருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை ஜிம் பிதுங்கி வழிந்தது. கூடைப்பந்து வளையத்தில்கூட ஒருத்தன் தொங்கிக்கொண்டிருந்தான். ஹாலிஸ் ஆட்டத்தைத் தொடங்கி, நடுவில் அந்தத் தட்டைப் போட்டான். டிரம்ஸ் இடித்தது. ஜனம் பைத்தியம் பிடித்த மாதிரி குதித்தது.

நெட்டியின் முகம் வெளுத்துவிட்டது. “நம்ம தட்டு! அது நம்ம தட்டுடா! எவன் சொன்னான் அவனுக்கு?”

“கடைக்காரன் சொல்லியிருப்பான்,” என்றான் கிளிஃப். “முடிஞ்சது. வீட்டுக்குப் போகலாம்.”

ரோடெல் மட்டும் பதறவில்லை. எவரெட்டின் தோளில் கை வைத்தான். “விடுங்க. எவரெட் இருக்கான்ல? இவன்கிட்ட இல்லாத தட்டா? என்ன மச்சான்?”

“நீ நடுவுல போய் நில்லு. நான் பாத்துக்கறேன்,” என்றான் எவரெட். குரல் ஆடவில்லை. அதில் அவனுக்கே ஆச்சரியம்.

ரோடெல் மைக்கை எடுத்துக்கொண்டு நடுவில் போய் நின்று, திரும்பி எவரெட்டைப் பார்த்துத் தலையாட்டினான். எவரெட் இரண்டு கையையும் தட்டுகளிலிருந்து எடுத்து, மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டான்.

ஜிம்மில் சத்தமே இல்லை. ஸ்பீக்கர் பெட்டியில் லேசான இரைச்சல் மட்டும். யாரோ இருமினார்கள். ஹாலிஸின் ஆட்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். “டிவிக்காரா, கரண்டு பில்லு கட்டலையா?” என்று ஒருவன் கத்தினான். ரோடெல் மறுபடியும் திரும்பிப் பார்த்தான். எவரெட் அசையவில்லை. அவன் நெஞ்சு இனித்தது, உண்மையாகவே இனித்தது. அந்த நீளக் கழுத்தில் வியர்வை இறங்குவதை அவன் பார்த்தான். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் நிற்கட்டும்.

ரோடெல் அவன் கட்டிய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன் முகத்தில் சிரிப்பு வந்தது. பயந்தவன் சிரிப்பு இல்லை, நண்பன் ஏதோ சைகை காட்டி, அது தனக்குப் புரிந்துவிட்டது போன்ற சிரிப்பு. மைக்கை மார்போடு ஒட்டிவைத்து முஷ்டியால் தட்டினான். தொம். தொம். காலால் மரத்தரையை மிதித்தான். அந்தத் தாளத்திலேயே பேச ஆரம்பித்தான். அம்மாவின் வாடகை, ஓட்டைக் கார், எரிந்த கட்டடத்தில் மாட்டிய பக்கத்து வீட்டுப் பூனை. பழகிய வரிகளைவிட மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையும் தெரியும்படி. முதல் வரிசை கை தட்டித் தாளத்தைப் பிடித்துக்கொண்டது, பிறகு அடுத்த வரிசை, பிறகு ஹாலிஸின் ஆட்களேகூட. மொத்த ஜிம்மும் காலால் மிதித்தது. இத்தனை நாள் ஸ்பீக்கர் இடிப்பில் பாதி காதில் விழாமல் போன அவன் பேச்சு, முதல் தடவையாக முழுசாக எல்லார் காதிலும் விழுந்தது.

எவரெட் அவசர அவசரமாக ஒரு தட்டை எடுத்து முள்ளை இறக்கினான். டிரம்ஸ் பாய்ந்து வந்தது.

“நிறுத்து!” என்று கூட்டம் கத்தியது. “ஏய், நிறுத்துடா! கேக்க விடு!”

அவன் ஸ்பீக்கர். அவன் தட்டு. அவன் கை. அவன் முள்ளைத் தூக்கினான்.

முடிந்ததும் ஜனம் ரோடெலைத் தோளில் தூக்கிவிட்டது. ஹாலிஸுக்குக் கத்த ஆளே இல்லை. தோளில் உட்கார்ந்தபடியே ரோடெல் மைக்கில் கூவினான். “எனக்குத் தட்டாதீங்க, அங்க பாருங்க! என் டிஜே, எவரெட் மோஸ்லி! நான் பேசறத நீங்க கேக்கணும்னு சத்தத்தையே நிறுத்தினான்! எந்த டிஜேக்கு வரும் அந்த மனசு?” எல்லா முகமும் எவரெட் பக்கம் திரும்பியது. எத்தனையோ மாதமாக அவன் ஏங்கிய முகங்கள். ஜிம் இடிந்துவிடும் போலத் தட்டினார்கள். ஹாலிஸ் ஓரமாக நின்று எவரெட்டைப் பார்த்தான், தொப்பியைத் தூக்கி ஒரு சலாம் போட்டான், போய்விட்டான்.

கூட்டத்தில் ப்ரூயிட் என்றொருவர் இருந்தார். ஹார்லெமில் இசைத்தட்டுக் கடையும், கூடவே சின்னதாகப் பாட்டைப் பதிந்து தட்டாக வெளியிடும் கம்பெனியும் வைத்திருப்பவர். மறுவாரம் நால்வரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். மூன்று குரல் போதும் என்றார். வாசிக்கத் தன்னிடம் பேண்டு இருக்கிறது என்றார்.

“இவரு?” என்று ரோடெல் எவரெட்டைக் காட்டினான்.

“தம்பி தங்கமான ஆளுதான். ஆனா தட்டுமேல தட்டு போட்டு இழுக்குறதை நான் எதுக்குப் பதியணும்? அன்னைக்கு ஜிம்ல என் கண்ணால பாத்தேனே, இவரு கையக் கட்டிட்டு நின்னாரு, ஒனக்கு ஒண்ணும் கொறையலயே!”

ரோடெல் எழுந்துவிட்டான். “எவரெட் இல்லாம நான் பாட மாட்டேன் சார். என்னை மேல ஏத்தினதே அவன்தான்.”

அதோடு விஷயம் நின்றுபோனது. நெட்டி அழுதாள், கிளிஃப் பேசுவதையே நிறுத்தினான். ரோடெல் மசியவில்லை, காலையில் எப்போதும் போல சூப்பர்மார்க்கெட்டுக்குப் போய்ப் பை கட்டினான். ஆனால் வட்டாரம் முழுக்க அதே பேச்சு. முடிவெட்டும் கடையில், சலவைக்கடையில், சர்ச் வாசலில். ‘கூட்டாளிக்காக இப்பேர்ப்பட்ட வாய்ப்ப விட்டானாமே!’ பாடியும் கைதட்டல் வாங்கினான், இப்போது பாடாமலே வாங்கினான். போதகர் பிரசங்கத்தில்கூட அவனைச் சொல்லிவிட்டார். டோரீன் “ஆமென்” என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தம்பியின் தலையைக் கோதினாள். “அவன் ஒன்னக் கைவிடல பாத்தியா. நீ அவனுக்குச் செஞ்சது வீண்போகல. ரெண்டு பேருமே நல்ல பசங்கடா.”

எவரெட்டுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. குரல் போனால் போகட்டும், பெயர் போனால் போகட்டும். நல்லவன் என்ற பட்டமும் அவனுக்கா? அதுவும் என்னை வைத்தா? அவன் தயவில் நான் பாட்டுப் பதிகிற அறைக்குள் நுழைந்து, அவன் விட்டுக்கொடுத்த நாற்காலியில் ஓரமாக உட்கார வேண்டுமா? ரோடெலின் குரல்மேல் இருந்த பொறாமையைக்கூட அவன் எப்படியோ சுமந்துகொண்டிருந்தான். ரோடெலின் நல்ல மனசைத்தான் அவனால் சுமக்க முடியவில்லை.

மறுநாள் மத்தியானம், இருவரும் எப்போதும் சாப்பிடும் சீனக் கடையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து வந்த கோழி இறக்கையையும் வறுத்த சோற்றையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்ததும், எவரெட் சொன்னான். “ஹாலிஸுக்குத் தட்டோட பேரச் சொன்னது நான்தான்.”

ரோடெல் சிரித்தான். “போடா.”

“கார் கழுவுற எடத்துக்கு நேராப் போய்ச் சொன்னேன். அன்னைக்குக் கையக் கட்டினது நீ பேசறதுக்காக இல்ல. நீ நாறணும்னு. எல்லார் முன்னாலயும் நீ திணறணும்னு. போதுமா?”

ரோடெல் மெல்லுவதை நிறுத்தினான். பிறகு கேட்டான். “திணறியிருந்தா? அப்பறம் தட்டு போட்டிருப்பியா?”

“போட்டிருப்பேன். நான் காப்பாத்தினேன்னு ஊரு பாக்கணும்ல.”

“இப்ப எதுக்குச் சொல்ற? மனசு உறுத்துதா?”

எவரெட் உண்மையைச் சொன்னான். “இல்ல. ஒன்ன எல்லாரும் நல்லவன்னு சொல்றாங்க. தாங்க முடியல.”

ரோடெல் காகிதத் துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டான். “ஒனக்கு நான் எதக் குடுத்தாலும் பத்தாதுல்ல மச்சான்,” என்றான். அதில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. தன் இறக்கையைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனான். அன்று சாயங்காலமே மூன்று பேரும் ப்ரூயிட்டிடம் கையெழுத்துப் போட்டார்கள். எவரெட்டே விலகிக்கொண்டான் என்று ரோடெல் நெட்டியிடம் சொன்னதாக டோரீன் வந்து சொன்னாள்.

கிரவுன் வோல்டேஜ் அதன் பிறகு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. அவர்கள் பாட்டு ஓடாத கார் இல்லை. அவர்களைப் பார்த்துத்தான் எத்தனையோ கூட்டங்கள் முளைத்தன. நோட்டீஸ்களில் குரல்களின் பெயர் மேலேயும் டிஜே பெயர் கீழேயும் போவது பிறகு எல்லா ஊரிலும் வழக்கமாகிவிட்டது. எவரெட் ஸ்பீக்கர்களை விற்றான். நகரப் பேருந்தில் டிரைவர் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள். வண்டியை அவன் நன்றாகத்தான் ஓட்டினான். ரோடெலின் பாட்டு வாங்காத வீடு அந்தத் தெருவில் அவன் வீடு ஒன்றுதான்.

ஆனால் ரேடியோவை யார் தடுப்பது? எந்த நிலையத்துக்குப் போனாலும், தனக்காக எவரெட் சத்தத்தை நிறுத்தினான் என்ற அதே கதையைத்தான் ரோடெல் சொன்னான். மேடையில் சொன்னான், டிவியில் சொன்னான். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லிக் காறித் துப்புவான் என்று எவரெட் வருஷக்கணக்காகக் காத்திருந்தான். சொல்லியிருந்தால் நிம்மதியாகப் பகைத்திருக்கலாம். ரோடெல் சொல்லவே இல்லை.

ஒருநாள் பேருந்தில் ஏறிய ஒரு பெண், அவன் வயதுதான் இருக்கும், சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். “மோஸ்லின்னா, எவரெட் மோஸ்லியா? கிரவுன் வோல்டேஜ்? ரோடெலுக்காகச் சத்தத்த நிறுத்தினது நீங்கதானா?”

பின்னால் ஏற நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எவரெட் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே திரும்பினான். ‘இல்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தான்.

“ஆமா, நான்தான்,” என்றான்.

“ஐயோ, சொல்லுங்கண்ணே! என்ன நடந்துச்சு அன்னைக்கு?”

அடுத்த நிறுத்தம் வரைக்கும் எவரெட் சொன்னான். ஹாலிஸ் அவர்கள் தட்டைப் போட்டதை, ரோடெல் தனியாக நடுவில் நின்றதை, அவன் பேச்சை ஜனம் முழுசாகக் கேட்கட்டும் என்று தான் கையைக் கட்டிக்கொண்டதை. முன்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள். அவன் சொன்னது ஒரு வார்த்தை பிசகாமல் ரேடியோவில் ரோடெல் சொல்கிற மாதிரியே இருந்தது.